ஒரு பாட் டீ... இரண்டு மணி நேரம்!

கொரியா என்றதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகத்துக்கு வரும்? சீரியல் ஹீரோவின் ஹேர் ஸ்டைல், ராம்யோன் நூடுல்ஸ், பி.டி.எஸ். பாட்டு, செல்போன் கம்பெனி, முகத்துக்குப் போடும் க்ரீம்... லிஸ்ட் நீளும். 'டீ' என்று யாராவது சொல்வீங்களா? மாட்டீங்க. கவலைப்படாதீங்க, கொரியாக்காரர்களைக் கேட்டாலும் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். அங்கே காபிதான் ராஜா!

அப்படிப்பட்ட நாட்டில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, பச்சைத் தேயிலையை மட்டும் நம்பி ஒரு கடை நடத்துகிறார். ஆராய்ச்சிப் படிப்புக்காக 2018-லிருந்து 2023 வரை நான் குவாங்ஜு நகரத்தில் இருந்தேன். அந்த ஐந்து வருஷமும் எனக்கு கேன்டீன், லைப்ரரி, மனசு சரியில்லாத நாளில் கோயில்... எல்லாமே அந்தக் கடைதான். கலைப்பொருள் கடைகளும் படச் சட்டம் போடும் கடைகளும் நிறைந்த ஒரு தெரு. அதில் ஒரு சந்து. சந்துக்குள்ளே ஆறே ஆறு மேஜை.

கடை முதலாளியைக் கொரியாவில் 'சாஜங்னிம்' என்று கூப்பிட வேண்டும். 'சாஜங்' என்றால் முதலாளி. 'நிம்' என்பது நம்ம ஊர் 'அவர்கள்' மாதிரி மரியாதை. அவர் என்னைக் கூப்பிட்டது 'இந்தோ ஹக்செங்' என்று. அதாவது 'இந்திய மாணவன்'. ஐந்து வருஷத்தில் என் பேரை அவர் ஒரு பத்து தடவை சொல்லியிருப்பார், அவ்வளவுதான். தென்மேற்கு ஜொல்லா வட்டார வழக்கில் வாக்கிய முடிவில் ஒரு 'ங்' இழுவை வரும். அவர் அதோடு "ஹக்செங், சாப்பிட்டியா?" என்று கேட்கும்போது, ஊரில் சித்தி கேட்பது மாதிரியே இருக்கும்.

குளிரில் செத்தாலும் ஐஸ் காபி!

முதலில் எதிரி யாரென்று பார்த்துவிடலாம். கொரிய இளைஞர்கள் மத்தியில் 'ஓல்ஜுகா' என்று ஒரு வார்த்தை உண்டு. 'உறைந்து செத்தாலும் ஐஸ் அமெரிக்கானோதான்' என்பதன் சுருக்கம். வெளியே மைனஸ் பத்து டிகிரி. கையில் ஐஸ் மிதக்கும் காபி. பார்க்கிற நமக்குத்தான் பல் கூசும்!

இது ஒரே நாளில் வந்த பழக்கம் இல்லை. 1976-ல் காபித்தூள், பால்பவுடர், சர்க்கரை மூன்றையும் ஒரே பாக்கெட்டில் அடைத்து 'காபி மிக்ஸ்' விற்க ஆரம்பித்தார்கள். ஆபீஸ், ஃபேக்டரி, சலூன் என்று எங்கே போனாலும் அதுதான். 1999-ல் சியோலில் ஈஹ்வா பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் முதல் ஸ்டார்பக்ஸ் திறந்தது. அதற்குப் பிறகு மழைக்காலக் காளான்தான். 2022-ல் நாட்டில் காபிக் கடைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. மக்கள்தொகை ஐந்து கோடிச் சொச்சம். அப்படியென்றால் சுமார் 500 பேருக்கு ஒரு காபிக் கடை!

இந்த வெள்ளத்தில்தான் நம்ம சாஜங்னிம் 2012-ல் டீக்கடை திறந்தார். துணிச்சல்தானே?

பேர் இருக்கு, டீ இல்லை!

டீ கொரியாவுக்குப் புதுசா? இல்லவே இல்லை. 'சாம்குக் சாகி' என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது: 828-ல் சில்லா அரசின் தூதர் கிம் தேரியோம் சீனாவிலிருந்து தேயிலை விதை கொண்டு வந்தார். ராஜா ஹுங்தோக் அதை ஜிரிசான் மலையில் விதைக்கச் சொன்னார். ஆயிரத்து இருநூறு வருஷக் கதை இது.

இதற்கும் முந்திய ஒரு செவிவழிக் கதையை சாஜங்னிம் அடிக்கடி எடுத்துவிடுவார். கி.பி. 48-ல் 'ஆயுதா' என்ற தேசத்திலிருந்து கடல் வழியாக வந்து, கயா நாட்டு ராஜாவைக் கல்யாணம் செய்துகொண்ட இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக். தேயிலை விதையைக் கொண்டு வந்ததே அவர்தான் என்று ஒரு நம்பிக்கை. ஆயுதா என்பது அயோத்தி என்று ஒரு கட்சி, தமிழகக் கரை என்று இன்னொரு கட்சி. வரலாற்று ஆதாரம் கேட்டால் கை விரிக்க வேண்டியதுதான். ஆனால் சாஜங்னிம் விட மாட்டார். "உங்க ஊர் பொண்ணு கொண்டு வந்த டீ. நீ வந்து குடிக்கலேன்னா எப்படி?" என்பார். இதைவிட நல்ல மார்க்கெட்டிங் எங்கேயாவது உண்டா?

கோரியோ அரசர்கள் காலத்தில் புத்த மதம் செழித்தது, கூடவே டீயும். அரண்மனையில் டீ சமாசாரத்தைக் கவனிக்கவே 'தாபாங்' என்று ஒரு தனி அலுவலகம் இருந்தது. 1392-ல் ஜோசோன் வம்சம் வந்தது. கன்ஃபூசியக் கொள்கைக்காரர்கள். புத்தக் கோயில்களின் சொத்தும் செல்வாக்கும் போயிற்று. கோயிலோடு சேர்ந்திருந்த டீயும் மெலிந்தது. ஜனங்கள் சாப்பாட்டுக்குப் பிறகு அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்த 'சுங்ன்யுங்' குடித்தார்கள்.

இதில் எனக்கு ரொம்ப வலித்த விஷயம் ஒன்று. புத்தாண்டுக்கும் அறுவடைத் திருநாளான சூசோக்குக்கும் கொரிய வீடுகளில் முன்னோர்களுக்குப் படையல் போடுவார்கள். அதற்குப் பேர் 'சாரே'. 'சா' என்றால் டீ, 'ரே' என்றால் சடங்கு. ஆனால் படையலில் பெரும்பாலும் வைப்பது அரிசி மது! டீ எப்போதோ கழன்று போயிற்று, பேர் மட்டும் மிச்சம். அந்த 'தாபாங்' கதை இன்னும் மோசம். இருபதாம் நூற்றாண்டில் அந்த வார்த்தை காபி ஹவுஸுக்குப் பேராகிவிட்டது!

நடுவில் சிலர் விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். 1801-லிருந்து 1818 வரை காங்ஜினில் நாடு கடத்தப்பட்டவராக வாழ்ந்த அறிஞர் ஜோங் யாக்-யோங். அவருடைய புனைபெயர் 'தாசான்', அதாவது 'டீ மலை'. அவரிடம் பழகிய துறவி சோ-உயி 1837-ல் 'தோங்தாசோங்' என்ற நூலில் கொரிய டீயின் பெருமையை எழுதினார். 1973-ல் சோ போம்-சுல் என்ற துறவி கொரிய டீ வழிமுறைகளைப் பற்றி நவீன காலத்துக்கு ஒரு புத்தகம் தந்தார். 2016-ல் டீ தயாரிக்கும் கலையை அரசு தேசியப் பாரம்பரியமாக அறிவித்தது. 2017-ல் ஹாதோங் பகுதியின் மலைத் தேயிலை விவசாயம் ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் உலகப் பாரம்பரிய விவசாயப் பட்டியலில் இடம்பிடித்தது.

கேட்க நல்லா இருக்கு, இல்லையா? சாஜங்னிமும் சிரித்துக்கொண்டே சொன்னார். "பட்டமெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா ஒண்ணாந்தேதி வாடகையைப் பட்டம் கட்டாது, ஹக்செங்."

அவசரப்பட்டா கசக்கும்

அந்தக் கடையில் டீ வரும் விதமே வேற. ஒரு தட்டில் கைப்பிடி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன டீ பாட், வாய் அகன்ற ஒரு கிண்ணம், உள்ளங்கைக்குள் அடங்கும் கோப்பைகள். கொதித்த தண்ணீரை நேராக இலையில் ஊற்ற மாட்டார்கள். முதலில் அந்தக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவைப்பார்கள். 70 டிகிரிக்கு வந்த பிறகுதான் பாட்டுக்குள் போகும்.

இது வெறும் சடங்கு இல்லை, சுத்தமான கெமிஸ்ட்ரி! தண்ணீர் ரொம்பச் சூடாக இருந்தால் இலையிலிருந்து கேட்டச்சின் என்ற கசப்புப் பொருள் வேகமாக இறங்கும். சூடு கம்மியாக இருந்தால் தியானின் என்ற அமினோ அமிலம் முன்னால் வந்து நிற்கும், நாக்கில் மெல்லிய இனிப்பு தெரியும். இலை ஒன்றுதான். அவசரப்பட்டால் கசக்கும், பொறுத்தால் இனிக்கும்.

குடித்து முடித்தால் அதே இலையில் மறுபடி தண்ணீர். மூன்றாவது தடவைக்கு ஒரு ருசி, நாலாவதுக்கு வேறொரு ருசி. கடைசிக் கோப்பை காலியாகும்போது மணி பார்த்தால்... இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும்!

இங்கேதான் வியாபாரம் இடிக்கிறது. கணக்குப் போடலாமா? ஒரு ஆளுக்கு 8,000 வோன். நம்ம காசுக்கு ஏறத்தாழ 500 ரூபாய். அடேயப்பா என்று தோணும். ஆனால் ஒரு ஆள் இரண்டு மணி நேரம் மேஜையைப் பிடித்துக்கொள்கிறார். எதிர்த்த கடையில் 2,000 வோனுக்கு ஐஸ் காபி. ஒரு நிமிஷத்தில் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், மேஜையே தேவையில்லை! சாஜங்னிமுக்கு ஒரு நாளைக்கு 20 பேர் வந்தால் அது நல்ல நாள். 20 பேர் என்றால் 1,60,000 வோன். அதில் வாடகை, கரன்ட், இலை, ஹீட்டர்... மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்க.

"விலையை ஏத்தலாமே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஏத்தலாம். அப்புறம் மாணவர்கள் வர மாட்டாங்க. வயசானவங்க மட்டும் குடிக்கிற டீ, அவங்களோடயே போயிடும்" என்றார்.

விரலால் சம்பாதிக்கும் மலை

2019 மே மாதம் என்னையும் ஹாதோங்குக்கு அழைத்துப் போனார். சோம்ஜின் ஆற்றை ஒட்டி பஸ் போனது. ஹ்வாகே பள்ளத்தாக்கில் இறங்கினோம். நீலகிரியில் நாம் பார்க்கிற மாதிரி கத்தரித்துவிட்ட பச்சைக் கம்பளம் அங்கே இல்லை. பாறை இடுக்கில், மூங்கில் ஓரத்தில், செங்குத்துச் சரிவில் அதுபாட்டுக்கு வளர்ந்த புதர்கள். மெஷின் ஏறாது. விரல்தான் ஏறும்.

அங்கே டீக்குப் பேர் வைப்பதே பஞ்சாங்கத்தை வைத்துத்தான். ஏப்ரல் 20 வாக்கில் 'கோகு' என்று ஒரு நாள் வரும், 'பயிருக்கான மழை' என்று அர்த்தம். நம்ம சித்திரைப் பிறப்புக்கு ஒரு வாரம் கழித்து. அதற்கு முன்னால் பறித்த குருத்து 'வூஜோன்', அதாவது 'மழைக்கு முந்தியது'. விலை மலையேறி நிற்கும். மே 5, 6 வாக்கில் வரும் 'இப்ஹா' வரைக்கும் பறித்தால் 'சேஜாக்'. அதற்குப் பிறகு 'ஜுங்ஜாக்', 'தேஜாக்'.

"விலை அதிகமானதுதான் ஒசத்தின்னு நினைக்காதே. நம்ம மண்ணுக்கு இப்ஹா சமயம்தான் சரின்னு சோ-உயி துறவியே எழுதியிருக்கார்" என்றார். தன் கடையில் மாணவர்களுக்கு சேஜாக்தான் சிபாரிசு செய்வார். விலை கம்மி, ருசி நிறைவு. லாபம் வூஜோனில்தான் அதிகம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

பறித்த இலையை அன்றைக்கே வறுத்தாக வேண்டும். விட்டால் இலைக்குள் இருக்கும் நொதிகள் வேலையைக் காட்டி நிறம் மாறிவிடும். 250 டிகிரியைத் தாண்டிய இரும்புக் கொப்பரை. கையில் அடுக்கடுக்காகப் பருத்தி உறை. இலையைப் போட்டதும் படபடவென்று ஒரு சத்தம். கருகவும் கூடாது, பச்சையாக நிற்கவும் கூடாது. இறக்கி, வைக்கோல் பாயில் போட்டுத் தேய்த்து, உதறி, ஆறவைத்து, மறுபடி கொப்பரை. இப்படித் திரும்பத் திரும்ப. நாலைந்து கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ டீ கிடைக்கும். ராத்திரி ஒரு மணிக்கு என் முதுகு 'போதும்டா சாமி' என்றது. என்னைவிட முப்பத்தைந்து வயது மூத்தவர் இன்னும் கொப்பரை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

இலை பறிக்க வந்தவர்கள் எல்லாருமே பாட்டிகள். சராசரி வயது எழுபது இருக்கும். ஒரு பாட்டி சொன்னார்: "என் பொண்ணு பூசான்ல இருக்கா. பேரன் சியோல்ல இருக்கான். இந்த விரல் நின்னா இந்தச் செடி சும்மா நிக்கும்." டீக்கடை மூடினால் போவது ஒரு கடை மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கடை வாங்கினால்தான் கொப்பரை சூடாகும். கொப்பரை சூடானால்தான் பாட்டிக்குக் கூலி. ஒரு கண்ணி அறுந்தால் மொத்தச் சங்கிலியும் அவ்வளவுதான்.

உட்காரக் கூடாத டீக்கடை

2020 வந்தது. கொரோனா! அந்த வருஷக் கடைசியில் கட்டுப்பாடு இறுகியபோது, காபிக் கடைகளிலும் டீக்கடைகளிலும் உட்கார்ந்து குடிக்கத் தடை. பார்சல் மட்டும்தான். காபிக் கடைக்காரர்கள் பேப்பர் கப்போடு தப்பித்தார்கள். இரண்டு மணி நேரம் உட்காருவதையே விற்கிற கடை என்ன செய்யும்?

நானும் இன்னும் இரண்டு மாணவர்களும் ஐடியா மழை பொழிந்தோம். "பேப்பர் கப்ல ஊத்திக் கொடுங்க", "ஐஸ் போட்டு பபுள் டீ பண்ணுங்க"... அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் வேறொன்று செய்தார். ஒரு தடவைக்கான இலையைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. 'தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் காத்திருங்கள். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடிக்க முடிந்தால் அதுதான் சரியான சூடு.' தெர்மாமீட்டர் இல்லாத ஹாஸ்டல் பையனுக்கும் புரிகிற பாஷை! ராத்திரி முழுக்கக் கையாலேயே எழுதி, காலையில் தபால் ஆபீஸுக்கு நடந்து போய் அனுப்பினார்.

அந்த வருமானம் வாடகையில் பாதிக்குத்தான் வந்தது. மீதிக்கு அவருடைய சேமிப்பு கரைந்தது. 2021 ஜனவரி நடுவில் உட்கார அனுமதி வந்த நாளில், ஆறு மேஜையில் மூன்றில்தான் ஆள். ஆனால் அந்த மூன்று மேஜையிலும் பொட்டலம் வாங்கிய பிள்ளைகள்!

பத்து வருஷம் முடிஞ்சுது

நிஜமான அடி 2022-ல் விழுந்தது. கொரியாவில் கடை வாடகைக்காரர்களுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் உரிமை முன்பு 5 வருஷம்வரைதான். 2018-ல் அதைப் 10 ஆக்கினார்கள். சாஜங்னிம் கடை போட்டது 2012. பத்து வருஷம் முடிந்தது. கட்டட உரிமையாளர் மரியாதையாகவே சொன்னார்: "இனிமேல் புதுப்பிக்கிறதா இல்லை." அந்த இடத்துக்குக் கண் வைத்திருந்தது... வேற யார், ஒரு காபிக் கடை!

இன்னொரு விஷயமும் உண்டு. புதிதாக வரும் வாடகைக்காரர் பழையவருக்கு, அவர் சேர்த்து வைத்த வாடிக்கை, செய்து வைத்த வசதிகளுக்காக ஒரு தொகை தருவது அங்கே வழக்கம். 'குவொல்லிகும்' என்பார்கள். காபிக் கடைக்காரர் நல்ல தொகையே பேசினார். சியோலில் இருக்கும் மகன் போனில், "வாங்கிக்கிட்டு வந்து நிம்மதியா இரும்மா" என்றார். மூட்டு வலி, கரைந்த சேமிப்பு, அறுபத்து மூன்று வயசு... யார் கேட்டாலும் மகன் பக்கம்தான் பேசுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வாரம் அவர் யாரிடமும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "ஹக்செங், உனக்கு எத்தனை நண்பர்கள்? கோப்பையெல்லாம் தூக்கணும்" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டார். அதே தெருவில், ஃபோட்டோ ஸ்டூடியோவுக்கு மேலே ஒரு சின்ன அறையைப் பிடித்துவிட்டார். ஆறு மேஜை நாலாகியது. லிஃப்ட் கிடையாது. முந்நூறு கோப்பைகளை செய்தித்தாளில் சுற்றி, படியேறி, எட்டுப் பேர் ஒரு நாள் முழுக்கச் சுமந்தோம். உடைந்தது ஒன்றே ஒன்று. அதில் அவர் மண் நிரப்பி ஜன்னலில் பாசி வளர்த்தார்!

எதுக்கு இவ்வளவு பாடு என்று நேராகவே கேட்டேன். பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. "நான் மூடினா நாலு பாட்டிகிட்ட அடுத்த மே மாசம் என்ன சொல்றது? அதோட, எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு" என்றார்.

விட்டதும், விடாததும்

அவர் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடாதீங்க. எத்தனையோ மாற்றினார். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டார். டீ சடங்கில் போடும் ஹன்போக் உடையை விட்டுவிட்டு சாதாரண ஏப்ரன் போட்டார். குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்த டீயை, ஓல்ஜுகா கோஷ்டிக்காகவே கோடைக்கால மெனுவில் சேர்த்தார். நம்ம நாரத்தைக்குத் தூரத்துச் சொந்தமான யூஜா டீ, ஐந்து ருசி உள்ள ஓமிஜா டீ இரண்டையும் குழந்தைகளுக்காக வைத்தார். பரீட்சை வாரத்தில் மாணவர்களுக்கு இரண்டாவது பாட் தண்ணீர் மட்டும் இல்லை, அரிசிக் கேக்கும் இலவசம்.

விடாதது மூன்றே மூன்று. இலை ஹ்வாகே மலையிலிருந்துதான் வர வேண்டும். தண்ணீர் ஆறித்தான் ஆக வேண்டும். யாரையும் எழுந்திருக்கச் சொல்லக் கூடாது.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருந்ததால்தான் அந்தக் கடை பிழைத்தது என்று நான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தால் அது மியூசியமாகியிருக்கும். எல்லாவற்றையும் விட்டிருந்தால் இன்னொரு காபிக் கடையாகியிருக்கும்.

பாரம்பரியத்தைக் காப்பாத்துறது என்றால் நமக்கு மேடை, மாலை, சால்வைதான் ஞாபகம் வருகிறது. நான் பார்த்தவரைக்கும் அது வாடகை, கரன்ட் பில், முட்டி வலி, ராத்திரி எழுதின சீட்டு. அந்த அம்மா பேப்பரில் வந்ததில்லை, விருது வாங்கினதில்லை. ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் வாடகை கட்டினார். அவ்வளவுதான் அவர் சாதனை. அது சின்னதா என்ன?

உங்க ஊரிலும் இப்படி ஒரு கடை இருக்கும். கைத்தறிக்காரர், மண்பானைக்காரர், மரச்செக்கு வைத்திருப்பவர்... யாராவது ஒருத்தர். "சூப்பர் சார், விட்டுடாதீங்க!" என்று பாராட்டி, செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். பேரம் பேசாமல் ஏதாவது ஒன்று வாங்குங்க. அடுத்த மாசமும் போங்க. அவருக்கும் ஒண்ணாந்தேதி வரும்!